முதலாவதாக எதை எழுதுவது?

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் காலங்களிலே நமது அலுவலகப் படியேறி வருவோர் சிலர் உண்டு. அரசியல் பேச வருவோரல்லர். பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் போக வருவோர். அவ்வாறு அண்மையிலே வந்தவர் கோப்பாய்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு கமக்காரர். வெங்காயமும் புகையிலையும் நட்டுக் குடும்பத்தைக் காப்பவர். கையிலே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல். அருகிலே வாய் திறவாத மகன்.

"ஐயா, பெடியன் கணிதப் பிரிவிலை நல்லாய்ச் செய்திருக்கிறான். எஞ்சினியரிங் கிடைக்கும் எண்டு வாத்தியார் சொல்லுறார். முதலாவதாய் எதைப் போடுறது?" என்று கேட்டார். நாம் வாய் திறக்குமுன் அவரே, "ஊரிலை எல்லாரும் மொறட்டுவையைத்தான் போடச் சொல்லுகினம்" என்றும் கூறினார்.

ஊர் சொல்லும் வரிசையை நாமும் அறிவோம். முதலிலே மொறட்டுவை. அது தவறினால் பேராதனை. அதுவும் தவறினால் எங்கே விழுந்தாலும் விழட்டும் என்று காலியும் கிளிநொச்சியும் ஒலுவிலும். இவ்வரிசையை வகுத்தவர் யார் என்று கேட்டால் விடை கூறுவாரில்லை. தந்தை கேட்டது டியூட்டரியிலே. டியூட்டரி கேட்டது சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியிலே. எங்கே நுழைவதற்கு அதிக புள்ளி வேண்டுமோ அதுவே சிறந்த கல்வி என்பது நம்மவரிடையே கேள்வியின்றி ஏற்கப்பட்ட சித்தாந்தமாகி விட்டது.

வெட்டுப்புள்ளி அளப்பது எதனை? எத்தனை பேர் ஓரிடத்தை நாடினர் என்பதனையே. கறுத்தக்கொழும்பானுக்குச் சந்தையிலே விலை ஏறுகின்றதென்பதற்காக அதனை எந்த மண்ணிலும் கொண்டுபோய் நடும் கமக்காரன் உண்டா? மண்ணைப் பார்ப்பான், நீரைப் பார்ப்பான், தன் கையிலுள்ள முதலைப் பார்ப்பான். நூறு வெங்காயக் கன்று வாங்குவதற்கு நான்கு பேரை விசாரிக்கின்ற மனிதர், மகனின் நான்காண்டு வாழ்வை ஓர் எண்ணைப் பார்த்துத் தீர்மானிக்கின்றார். அந்த எண்ணோ நிலையான அளவுமன்று. பொறியியல் அனுமதியிலே 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பங்கிடப்படுகின்றது. ஆகவே ஒரே பீடத்துக்குக் கொழும்பு மாவட்டத்திற்கு ஒரு புள்ளி, முல்லைத்தீவு மாவட்டத்திற்கு இன்னொரு புள்ளி. மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் கோல் கொண்டு ஒரு பல்கலைக்கழகத்தின் தரத்தை அளப்பது எங்ஙனம்?

ஆயினும் இம்மயக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அதனை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. 1950க்கு முன்னர் இந்நாட்டிலே பொறியியற் பட்டம் பெற விரும்பியோர் மருதானையிலிருந்த தொழினுட்பக் கல்லூரியிலே பயின்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியிருந்தது. வசதி படைத்தோர் கடல் கடந்து இங்கிலாந்துக்கும் சென்னைக் கிண்டிக்கும் சென்றனர். 1950இலே பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேராவைப் பீடாதிபதியாகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கொழும்பிலே தொடங்கிற்று. 1960களின் நடுப்பகுதியிலே அது பேராதனைக்கு, மகாவலிக் கரைக்குக் குடிபெயர்ந்தது. 1966இலே கட்டுபெத்தையிலே தொழினுட்பவியற் கல்லூரி எழுந்து, 1978இலே அதுவே மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. இவ்விரண்டு இடங்களிலும் தமிழ் மாணவர் தம் தொகைக்கு மிஞ்சிய இடங்களைத் தம் உழைப்பினாலே பெற்றனர். அதற்குக் கிடைத்த பரிசு தரப்படுத்தல். 1971ஆம் ஆண்டு அனுமதியிலே பேராதனைப் பொறியியற் பீடத்திற்குத் தமிழ்மொழி மூலம் தோற்றிய மாணவனிடம் 400க்கு 250 புள்ளி கேட்கப்பட்டது. சிங்களமொழி மூலம் தோற்றியவனுக்கு 227 போதுமானதாயிற்று.

கையிலிருந்து தட்டிப் பறிக்கப்பட்ட பொருளுக்கு மதிப்பு ஏறுவது இயல்பு. அன்று முதல் ஓர் இடம் கிடைப்பதே வெற்றி, கிடைத்த இடத்தின் பெயரே விருது என்றாகி விட்டது. "எஞ்சினியர்" என்ற சொல் வீட்டு வாசலிலே பெயர்ப்பலகையாகவும், கலியாணப் பேச்சிலே சீதனத்தை உயர்த்தும் கருவியாகவும் பயன்படுவதை நாம் காணாதவரல்லர். அவன் எதைக் கட்டப் போகின்றான், எதைத் திருத்தப் போகின்றான் என்று கேட்கும் மாமனாரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

எனவே அக்கமக்காரரை இருத்தி, வரிசையை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறு சில கேள்விகளைக் கேட்டோம். அவற்றை இங்கே எழுதுவது ஏனையோருக்கும் பயன்படக்கூடும்.

முதலிலே, பட்டத்தை ஏற்பவர் யார் என்பது. பல்கலைக்கழகம் பெரியதாயிருப்பது வேறு, அது வழங்கும் குறித்த பட்டம் பொறியியலாளர் தொழிலுக்கு ஏற்றதென அங்கீகரிக்கப்படுவது வேறு. இந்நாட்டிலே அவ்வங்கீகாரத்தை வழங்குவது இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம். 1906இலே சங்கமாகத் தோன்றிய பழைய அமைப்பு. 2014இலே அது வாஷிங்டன் உடன்படிக்கையிலே முழு உறுப்பினராயிற்று. 1989இலே பிரித்தானியா, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. அதன் பயன் யாதெனில், இங்கே அங்கீகரிக்கப்பட்ட பட்டத்தை அந்நாடுகளின் அமைப்புகளும் தம் நாட்டுப் பட்டத்துக்கு ஒப்பானதாகக் கொள்வதாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இதனை அறியாமலே பலர் ஏமாறுகின்றனர். அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்படுவதன்று. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனித்தனியே, குறிப்பிட்ட காலத்துக்கு வழங்கப்படுவது. ஒரே கூரையின் கீழே குடிசார் பொறியியல் அங்கீகாரம் பெற்றிருக்க, புதிதாகத் தொடங்கிய இன்னொரு நெறி பெறாதிருக்கலாம். ஆகவே, "அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா?" என்று கேட்பது பயனற்ற கேள்வி. "இந்த நெறி, என் மகன் சேரும் ஆண்டுக்கு, நிறுவனத்தின் பட்டியலிலே உண்டா?" என்று கேட்பதே கேள்வி.

பொறியியற் பட்டத்தையும் பொறியியற் தொழினுட்பப் பட்டத்தையும் ஒன்றென நினைத்து மயங்குவோரும் உளர். உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு தொடங்கிய பின்னர், பெயரளவில் அண்ணன் தம்பி போன்ற பட்டங்கள் பெருகியுள்ளன. இரண்டும் மதிப்புக்குரியவையே, தொழினுட்பவியலாளன் இல்லாது எந்த ஆலையும் ஓடாது. ஆயின் 2017ஆம் ஆண்டின் பொறியியற் சபைச் சட்டம் ஒவ்வொரு தரத்தாரையும் வெவ்வேறாகவே பதிவு செய்கின்றது. நான்காண்டு கழிந்த பின் இதனை அறிந்து வருந்துவதிலும் முன்னரே அறிவது நன்றன்றோ?

அடுத்தது, துறை. மகன் "கொம்பியூட்டர்" படிக்கப் போகின்றான் என்று தாய் அயலாருக்கெல்லாம் சொல்லிவிட்டாள். ஆயின் நமது அரச பீடங்களிலே பெரும்பாலும் எல்லா மாணவரும் ஒரே பொறியியல் நெறிக்கு அனுமதிக்கப்பட்டு, முதற் பருவத்தையோ முதலாண்டையோ பொதுவாகப் பயின்று, அங்கே பெறும் பெறுபேற்றின்படியே துறை பிரிகின்றனர். இதன் பொருள் என்ன? தீவின் முதன்மாணவர் பலர் ஒன்றுகூடும் இடத்திலே வெட்டுப்புள்ளியின் விளிம்பிலே நுழைந்த பிள்ளை, தான் விரும்பிய துறையைப் பெறாது மற்றவர் விட்டுச் சென்ற துறையிலே அமர நேரலாம். அதே பிள்ளை வேறோர் இடத்திலே முன்வரிசையிலே நின்று, தான் விரும்பிய துறையையே பெற்றிருக்கவும் கூடும். பெயரைத் தேர்ந்து துறையை இழப்பதா, துறையைத் தேர்ந்து பெயரிலே ஒரு படி இறங்குவதா? இதற்கு நாம் விடை கூறோம். அது பிள்ளையின் மனத்தைப் பொறுத்தது. ஆனால் இக்கேள்வி இருக்கின்றது என்பதையே அறியாது விண்ணப்பம் எழுதும் குடும்பங்கள் நூறாயிரம். விண்ணப்பத்திலே எழுதும் வரிசைப்படியே, புள்ளிக்கு எட்டிய முதல் இடம் வழங்கப்படும். "அது எப்படியும் கிடையாது, சும்மா போடு" என்று எழுதிய இடம் கிடைத்துவிட்டால் அதன்பின் புலம்பிப் பயனில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறல் வேண்டும். இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் இரசாயனவியலையும் தமிழிலே பயின்று முதன்மை பெற்ற பிள்ளை, பீடத்திலே முதல் நாளே ஆங்கிலத்திலே விரிவுரை கேட்கின்றான். கொழும்பிலே, ஆங்கிலம் புழங்கும் வீட்டிலே வளர்ந்த மாணவன் பாடத்தை மட்டும் கற்க, துணுக்காயிலிருந்து வந்தவன் பாடத்தையும் மொழியையும் ஒருங்கே கற்கின்றான். முதற் பருவத்துப் பெறுபேறே துறையைத் தீர்மானிக்கும் இடத்திலே, இவ்விருவருக்குமிடையே ஓடும் ஓட்டம் நேரான ஓட்டமன்று. இது அறிவின் குறைவன்று, காலத்தின் குறைவு. முடிவு வந்த நாளிலிருந்து பீடம் திறக்கும் நாள்வரை மாதக்கணக்கிலே காத்திருக்கும் நம் பிள்ளைகள் அக்காலத்தை ஆங்கிலத்துக்குச் செலவிட வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் விளையாட்டுப் போட்டிக்கும் வரவேற்பு வளைவுக்கும் செலவிடும் பணத்திலே ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால், எத்தனையோ பிள்ளைகளின் துறை மாறியிருக்கும்.

இனி, இடம் கிடையாத பிள்ளைகளின் கதை. இதனை எழுதும்போது நமக்குச் சினம் எழுவதை மறைக்க வேண்டியதில்லை. நாம் அறிந்த குடும்பமொன்று, பத்துப் பரப்புத் தோட்டக்காணியை ஈடு வைத்து, மகனை ஒரு தனியார் நிலையத்திலே சேர்த்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் பட்டம் என்றார்கள். வண்ணக் கைந்நூல் காட்டினார்கள். கழுத்துப்பட்டி கட்டிய முகவர் வீடு தேடி வந்து தேநீர் குடித்துப் போனார். பட்டம் கிடைத்தது. அப்பட்டத்தைக் கொண்டு பொறியியலாளராகப் பதிவு செய்ய முடியாதென்பது அதன்பின்னரே தெரிந்தது. காணியின் உறுதி இன்னும் மீளவில்லை. அத்தந்தை செய்த தவறு யாது? முகவரிடம் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் பணத்தைப் பற்றியவை. பட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியேனும் இல்லை.

தனியார் நிலையங்கள் எல்லாம் பொய்யென்று நாம் கூறவில்லை. அங்கீகாரம் பெற்ற நெறிகளை நடத்துவோரும் உளர். வெளிநாடு சென்று பயில்வதும் குற்றமன்று. இந்தியாவுக்கு அனுப்ப எண்ணுவோர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. இலங்கை வாஷிங்டன் உடன்படிக்கையிலே இணைந்த அதே 2014இலேதான் இந்தியாவும் இணைந்தது. எனினும் அங்குள்ள எல்லாப் பொறியியற் கல்லூரிகளின் பட்டமும் அதனுள் அடங்குவதில்லை; அந்நாட்டு அங்கீகாரச் சபை முதற்றரமென வகுத்த நிறுவனங்களிலே, அது ஏற்ற நெறிகள் மாத்திரமே அடங்கும். தமிழ்நாட்டிலே தெருவுக்கொரு பொறியியற் கல்லூரி எழுந்துள்ள இந்நாளிலே, "இந்தியப் பட்டம்" என்ற பொதுச்சொல்லுக்குப் பொருளே இல்லை. எந்தக் கல்லூரி, எந்த நெறி என்று எழுத்திலே காட்டச் சொல்லுங்கள். எழுத்திலே காட்டாத முகவருக்குத் தேநீரும் வேண்டாம்.

இப்போது கிளிநொச்சிக்கு வருவோம். ஊர் வரிசையிலே அதற்குக் கிடைத்த இடத்தைப் பற்றி நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

யாழ்ப்பாணத்திலே 1974இலே பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. ஒரு பொறியியற் பீடத்துக்காக வடக்கு அதன்பின்னும் ஏறக்குறைய நாற்பது ஆண்டு காத்திருந்தது. பேராதனையிலே பொறியியற் பீடாதிபதியாயிருந்தவரும், கேம்பிரிட்ஜிலே மண்பொறியியலிலே ஆய்வு செய்து உலகறிந்தவருமான பேராசிரியர் அழகையா துரைராஜா யாழ்ப்பாணத்துத் துணைவேந்தராய் வந்தார், 1994இலே மறைந்தார். அவர் காலத்திலே, அவரது துறையைக் கற்பிக்க ஒரு பீடம் இங்கே இருக்கவில்லை. இன்று இருக்கின்றது. போர் ஓய்ந்த பின்னர் அறிவியல் நகரிலே எழுந்த அப்பீடத்திலே குடிசார், மின், கணினி, இயந்திரப் பொறியியல்கள் கற்பிக்கப்படுகின்றன. அதே நிலத்திலே விவசாய பீடமும் உண்டு. தென்மாவட்டங்களிலிருந்து சிங்கள மாணவர் பெருந்தொகையாக வந்து பயில்கின்றனர். நம்மவரோ அதனைக் கடைசி வரியிலே எழுதுகின்றனர்.

நம்முடையதென்பதற்காக அதனை முதலிலே எழுதுங்கள் என்று நாம் கூற மாட்டோம். அது சோம்பற் பேச்சு. பழைய பீடங்களுக்கு எழுபதாண்டுப் பழக்கம் உண்டு; எங்கும் உயர்பதவிகளிலே அமர்ந்த பழைய மாணவர் உண்டு; மொறட்டுவைக்குக் கொழும்பின் கணினி நிறுவனங்கள் அண்மையிலே உண்டு. புதிய பீடத்திலே இவை இனிமேல்தான் வளர வேண்டும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் விரிவுரையாளர் பலர் நாட்டை விட்டகன்றனர். அவ்விழப்பைப் பெரிய பீடம் தாங்குவது போலச் சிறிய பீடம் தாங்காது. ஆகவே சேருமுன் நேரிலே போய்ப் பார்க்கட்டும். எந்தத் துறையிலே எத்தனை நிரந்தர விரிவுரையாளர், ஆய்வுகூடத்துக் கருவிகள் ஓடுகின்றனவா, உறை பிரிக்காது கிடக்கின்றனவா, கைத்தொழிற் பயிற்சிக்கு எங்கே அனுப்புகின்றனர் என்று மூத்த மாணவரை விசாரிக்கட்டும். இது கிளிநொச்சிக்கு மாத்திரமன்று, எந்தப் பீடத்துக்கும் பொருந்தும். கிளிநொச்சிக்குப் போய்ப் பார்ப்பதற்குப் பேருந்துக் கட்டணம் குறைவு, அவ்வளவே.

ஆனால் மற்றொரு கணக்கும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஓர் ஆறில்லை; மாரியிலே ஓடும் வழுக்கியாற்றை ஆறென்று கூறி மகிழ்கின்றோம். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலே தேங்கி நிற்கும் மழைநீரே நமக்குக் குடிநீரும் பயிர்நீரும். இயந்திரம் பூட்டி மிகையாக இறைத்தால் கடல் உள்ளே வருகின்றது. உரமும் மலக்குழியும் சேர்ந்து நைத்திரேற்றைக் கிணற்றிலே கலக்கின்றன. சுன்னாகத்திலே கிணறுகளிலே கழிவெண்ணெய் மிதந்ததை நாடே அறியும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களிலே, ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கோர் ஆற்றைத் தர வேண்டுமென்று திட்டம் வகுத்தார், அது முழுமையடையவில்லை. இரணைமடு நீரைக் குழாய் வழியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் எழுந்தபோது, தம் வயல் காயுமென்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். அவர்களது அச்சத்திலே நியாயம் இருந்தது. யாழ்ப்பாணத்தாரின் தாகத்திலும் நியாயம் இருந்தது. முடிவிலே தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இலே திறக்கப்பட்டது. அவ்வழக்கு ஆண்டுக்கணக்கிலே மேடைகளிலே பேசப்பட்டது. குளத்திலே எவ்வளவு நீர் வருகின்றது, எவ்வளவு ஆவியாகின்றது, எவ்வளவு வாய்க்காலிலே வீணாகின்றது என்று அளந்து, இரு பகுதியாரும் நம்பும் எண்ணைச் சொல்லக்கூடிய நம் பிள்ளைகள் போதிய தொகையிலே இருந்திருந்தால், அத்தனை காலம் பேசியிருக்க வேண்டியதில்லை என்பது நமது துணிபு. அறிவியல் நகரிலிருந்து இரணைமடுக் குளக்கட்டுக்குச் சைக்கிளிலே போகலாம்.

இதையெல்லாம் கேட்டிருந்த கமக்காரர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மகனைப் பார்த்து, "நீ சொல்லடா, உனக்கு என்ன விருப்பம்?" என்றார். அக்கேள்வியை அவர் முதன்முறையாகக் கேட்டார் என்பது அப்பையனின் முகத்திலே தெரிந்தது. கொம்பியூட்டரிலே தனக்குப் பெரிய நாட்டமில்லையென்றும், தங்கள் தோட்டத்துக் கிணறு வைகாசியிலே உவராகிப் போவது ஏனென்று அறிய விரும்புவதாகவும் மெல்லிய குரலிலே கூறினான். குடிசார் பொறியியலிலே நீர்வளம் பயிலலாமென்றும், பேராதனையிலே பொறியியலோடு விவசாயமும் புவிச்சரிதவியலும் ஒரே வளாகத்திலே உள்ளனவென்றும், கிளிநொச்சியிலே பாடமும் வயலும் அடுத்தடுத்து உள்ளனவென்றும் கூறி, போய் விசாரித்து எழுதுமாறு அனுப்பினோம்.

பேராதனையை முதலாவதாகவும், கிளிநொச்சியை இரண்டாவதாகவும், மொறட்டுவையை மூன்றாவதாகவும் எழுதினார்களாம். மூன்றாவதாக எழுதியதற்காகத் தாய்மாமன்மார் இருவரும் இன்னும் அவ்வீட்டுக்கு வருவதில்லை என்று கேள்வி.